இரவு ஓட்டும் கண்ணைப் பகலில் சோதித்து என்ன பயன்?

துறைமுக டிரெய்லர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களுக்கு,

வணக்கம். நான் சென்னை தண்டையார்பேட்டையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். கண் பரிசோதனை முறையாகப் படித்தவள். உங்கள் டிரைவர்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டாலும் நான் டாக்டர் இல்லை. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் உங்களில் சிலர் யார்டில் ஷாமியானா போட்டுக் கண் முகாம் நடத்துகிறீர்கள். எழுத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் வந்திருக்கிறேன். டீ, சமோசா, பேனர், போட்டோ எல்லாம் ஜோர். எனக்குள்ள மனக்குறை ஒன்றுதான். முகாம் காலை பதினொரு மணிக்கு, வண்டி கிளம்புவது ராத்திரி பதினொரு மணிக்கு. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுவது சரியாக அந்த இடைவெளியில்.

குடி குடியைக் கெடுக்கும் என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அதை அவர்கள் வீட்டுப் பெண்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் பேச வந்தது என் தொழிலைப் பற்றி மட்டும். குடித்தவருக்குக் கால் தள்ளாடுவதற்கு முன்பே, நாக்கு குழறுவதற்கு முன்பே, இருட்டில் கண் தடுமாற ஆரம்பித்துவிடுகிறது. கேட்டில் சாவி கொடுக்கும் உங்கள் சூப்பர்வைசர் பார்ப்பது காலையும் நாக்கையும்தான். "ஸ்டெடியாத்தான் கீறான் சார், அனுப்பலாம்" என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் ஸ்டெடியாக நிற்பவருக்கு ராத்திரியில் கண் தெரிகிறதா என்பது வேறு கேள்வி.

போன மழைக்காலத்தில் ஒரு மாலை, டிரெய்லர் ஓட்டும் ஒருவர் கடைக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். எதிர் வண்டி லைட் அடித்தால் ரொம்ப நேரம் ஒன்றும் தெரிவதில்லை, நைட் கிளாஸ் வேண்டும் என்றார். பாரிமுனை நடைபாதையில் வாங்கிய மஞ்சள் கண்ணாடி ஒன்று ஏற்கெனவே சட்டைப் பையில் இருந்தது. கிட்டே வந்து உட்கார்ந்ததும் வாடை. கேட்டேன். "ஒரு கட்டிங்குதாங்க்கா, அதுவும் மத்தியானம். பாருங்க" என்று எழுந்து ஒற்றைக்காலில் நின்று காட்டினார். நிஜமாகவே ஆடாமல் நின்றார். (மத்தியானம் போட்ட கட்டிங் மாலை ஏழு மணிக்கு அப்படி வாடை அடிக்காது. அது கிடக்கட்டும்.)

பலகையில் கடைசிக்கு முந்தின வரிவரை மளமளவென்று படித்தார். அப்புறம் கடை விளக்குகளை அணைத்து ஷட்டரைப் பாதி இறக்கினேன். என்னிடம் இன்னொரு அட்டை இருக்கிறது. அதில் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு, ஆனால் கறுப்பில் தொடங்கி வரவர வெளிறிச் சாம்பலாகிவிடும். மங்கின வெளிச்சத்தில் மங்கின பொருள் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பதற்கு. மேல் இரண்டு வரியோடு நின்றுவிட்டார். பிறகு டார்ச்சை முகத்துக்கு நேரே ஒரு நொடி அடித்து அணைத்துவிட்டு, அதே வரியைச் சொல்லச் சொன்னேன். "இருங்கக்கா, இருங்க" என்றார். தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த ஆட்டோ ஒன்று கடையைத் தாண்டி முனை திரும்பிய பிறகுதான் முதல் எழுத்து வந்தது. குடிக்காமல் இன்னொரு நாள் வரச் சொன்னேன். வந்தார். அதே அட்டை, அதே டார்ச். டார்ச்சை நான் மேஜையில் வைப்பதற்குள் படித்துவிட்டார். கண்ணில் பவரும் இல்லை, புரையும் இல்லை.

மஞ்சள் கண்ணாடியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகலில் பார்க்க எல்லாம் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றும். இரவில் அது கண்ணுக்குள் போகும் கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

அவருக்கு நடந்தது ஏன் நடந்தது என்று சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். விழித்திரையில் கூம்பு செல்கள், குச்சி செல்கள் என்று இரண்டு வகை. வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு, இருட்டுக்குக் குச்சி. குச்சி செல்களில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது, வைட்டமின் ஏ இல்லாமல் அது உருவாகாது. பலமான வெளிச்சம் பட்டால் இந்த நிறமி சிதைந்துவிடும். இருட்டில் அது முழுசாகத் திரும்பி வர அரைமணி நேரம் ஆகும். சினிமா தியேட்டருக்குள் பாதியில் நுழைந்தவருக்கு இது நன்றாகத் தெரியும். எதிரே ஹை பீம் போட்டு வரும் ஒவ்வொரு வண்டியும் உங்கள் டிரைவரின் கண்ணில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டுத்தான் போகிறது. சாதாரணமாகச் சில வினாடிகளில் சமாளித்துக்கொள்வோம். மது உள்ளே போயிருந்தால் கண்பாப்பா சுருங்குவதும் விரிவதும் மந்தமாகிறது. கூச்சத்திலிருந்து பார்வை மீண்டு வர நேரம் கூடுகிறது.

நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கும். உங்கள் கணக்கில் சொன்னால், வினாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு நாற்பதடிக் கன்டெய்னர் பெட்டி நீளம். கண் மீள்வதற்கு இரண்டு வினாடி கூடுதலாக எடுத்தால், இரண்டு பெட்டி நீளத்துக்குக் கிட்டத்தட்டக் குருட்டு ஓட்டம். அதில் பிரேக் மிதிக்கும் நேரம் சேரவில்லை, லோடு வண்டி நிற்க எடுக்கும் தூரமும் சேரவில்லை.

கண்ணின் அசைவு இன்னொரு விஷயம். ஒவ்வொரு கண்ணையும் திருப்ப ஆறு தசைகள் இருக்கின்றன. அவற்றைச் சீராக ஓட்டுவது மூளை. மது முதலில் மந்தப்படுத்துவதும் அந்த மூளையைத்தான். நகரும் பொருளைக் கண் வழுக்கிக்கொண்டு தொடர வேண்டும், குடித்தவர் கண் தாவித் தாவித் தொடர்கிறது. இன்னும் ஏறினால் இரண்டு கண்ணும் ஒரே இடத்தில் குவியாமல் ஒரு லைட் இரண்டாகத் தெரியும். நகரும் பொருளைத் தொடரும் இந்தத் திறன் 100 மில்லி ரத்தத்துக்கு 20 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கும்போதே குறையத் தொடங்குகிறது. நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு வைத்திருக்கும் வரம்பு 30. சட்டம் குடித்தவர் என்று சொல்வதற்கு முன்பே கண் சொல்லிவிடுகிறது.

விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிவதைப் பற்றியும் டிரைவர்கள் சொல்வார்கள், "லைட்டு பூ மாதிரி விரியுதுக்கா" என்று. ஸ்பெயினில் கிரனாடா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தை மது குலைக்கிறது. படலம் சீராக இல்லாவிட்டால் உள்ளே விழும் பிம்பமும் சீராக இருக்காது, இரவில் ஒளிவட்டம் பெரிதாகிறது. ஏற்கெனவே தூசியிலும் உப்புக் காற்றிலும் எரிந்துகிடக்கும் கண்ணுக்கு இதுவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

எண்ணூர் விரைவுச் சாலையை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் உங்களில் எத்தனை பேர் ராத்திரி ஒரு மணிக்கு, டிரைவர் சீட் உயரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. காசிமேடு தாண்டியதும் கடல் பக்கமிருந்து வரும் ஈரமும் உப்பும் வண்டியின் முன்கண்ணாடியில் படியும். தேய்ந்த வைப்பர் அதை வழித்து வழித்து, கண்ணாடியில் வளைவு வளைவாகக் கீறல். எதிர் லைட் அடிக்கும்போது அந்தக் கீறல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பற்றி எரியும். இடது ஓரத்தில் கேட்டுக்காகக் காத்து நிற்கும் டிரெய்லர், டெயில் லைட் இல்லை, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்தாலும் அதன் மேல் புழுதி ஒரு படலம். அதற்கும் நம் வண்டிக்கும் நடுவில் மீன் கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மொபெட். குடிக்காத கண்ணோடு பார்த்தாலே சிரமமான காட்சி.

அந்த மொபெட்காரர் நேர் எதிரே வருவதில்லை, பக்கவாட்டிலிருந்து வருகிறார். விழித்திரையின் நட்டநடுவில் குச்சி செல்களே கிடையாது, அவை சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் இருட்டில் மங்கலான ஒன்றை முதலில் பிடிப்பது ஓரப்பார்வைதான். குடித்தவர் பார்வையை நேரே ஓரிடத்தில் குத்திட்டு வைத்துக்கொள்கிறார், பக்கக் கண்ணாடிகளையும் ஓரங்களையும் மேய்வது குறைந்துவிடுகிறது. டிரெய்லரின் இடது முன் மூலையில் சும்மாவே டிரைவருக்கு ஒன்றும் தெரியாத இடம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் அந்த மூலையில் மாட்டுபவர் காலையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருப்பார்.

இனி "ஒரு கட்டிங்குதானே" என்ற கணக்கு. நம் ஊர் பிராந்தி, ரம் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருக்கும். 90 மில்லி கட்டிங்கில் சுத்த ஆல்கஹால் சுமார் 30 கிராம். அறுபத்தைந்து கிலோ எடையுள்ள ஆள் வெறும் வயிற்றில் ஒரே மூச்சாக அதைக் குடித்தால், 100 மில்லி ரத்தத்தில் 70 மில்லிகிராம் பக்கம் ஏறும். சட்ட வரம்பு 30 என்று மேலே சொன்னேன். எனவே நாம் கொஞ்சூண்டு என்று நினைக்கும் அளவே வரம்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டில் இதைவிட அதிகம் ஏற்றும். "பீர்தானே, தண்ணி மாதிரி" என்பவர்கள் கவனிக்க.

இறங்கும் கணக்கு இன்னும் மோசம். அதே 100 மில்லி ரத்தக் கணக்கில், கல்லீரல் மணிக்கு 15 மில்லிகிராம் அளவில்தான் இறக்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். மோர் குடித்தாலும் லெமன் டீ குடித்தாலும் தலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகம் எடுக்காது. கடை மூடும் நேரத்தில், இரவு பத்துக்கு, ஒரு குவார்ட்டரை, அதாவது இரண்டு கட்டிங்கை, முடிப்பவருக்கு 140 பக்கம் ஏறும். வண்டியிலேயே படுத்துத் தூங்கி, காலை நாலு மணிக்கு எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு லோடு எடுக்கிறார். தெளிந்துவிட்டது என்று அவரும் நினைக்கிறார், நீங்களும் நினைக்கிறீர்கள். ரத்தத்தில் அப்போதும் 50. வெளியே இன்னும் விடியவில்லை.

வருஷக்கணக்காகக் குடிப்பவர்களின் கதை தனி. வைட்டமின் ஏ சேமித்து வைக்கும் இடம் கல்லீரல். கல்லீரல் கெட்டால் அந்தச் சேமிப்பும் கரைந்து, குடிக்காத நாளிலும் மாலைக்கண் வரும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் குடித்துக்கொண்டே கீரை தின்றால் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். வைட்டமின் ஏ மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் தானாகவே வாங்கிப் போடுவது அதைவிட ஆபத்து, கெட்ட கல்லீரலை அது மேலும் கெடுக்கும். சரியாகச் சாப்பிடாமல் குடியும், கூடவே பீடியோ மாவா புகையிலையோ சேர்ந்து ஓடும் ஆட்களுக்குப் பி வைட்டமின்கள் குறைந்து பார்வை நரம்பே வாடுவதுண்டு. வலி இருக்காது. இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை மெல்ல மங்கும், சிவப்பும் பச்சையும் வெளிறிப்போகும். சிக்னல் விளக்கின் நிறம் சந்தேகமாக இருக்கிறது என்று ஒரு டிரைவர் சொன்னால், கேலி செய்யாமல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி, கையில் காசில்லாமல் போகலாம். சீக்கிரம் போனால், குடியையும் புகையையும் நிறுத்தினால், பலருக்குப் பார்வை பெருமளவு திரும்பும்.

சீக்கிரம் என்பது ஒரு விஷயத்தில் மணிக்கணக்கு. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால். 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பக்கம் 20க்கும் மேற்பட்டவர்கள், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செத்தவர்களை எண்ணினோம், பிழைத்துப் பார்வை இழந்தவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. மெத்தனால் உடம்பில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. குடித்த உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள், கண் முன்னே வெள்ளை மூட்டம் போட்டதுபோல் வரும். லாரி நிற்கும் இடங்களில் நடுராத்திரியில் லேபிள் இல்லாத பாட்டிலை நீட்டுபவர் யார் என்று யாருக்கும் தெரியாது. அப்படிக் குடித்த எவராவது கண் மங்குகிறது என்றால் போதை இறங்கட்டும் என்று படுக்க வைக்காதீர்கள், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு. அங்கே விஷமுறிவு மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. காத்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

அரசாங்கமும் பகல் கண்ணைத்தான் பார்க்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. லைசென்ஸ் மருத்துவப் படிவத்தில் 25 மீட்டர் தூரத்தில் ஒரு காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று கேட்கிறார்கள், அதுவும் "நல்ல பகல் வெளிச்சத்தில்" என்று சொல்லியே கேட்கிறார்கள். மாலைக்கண் உண்டா என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு எல்லோரும் "இல்லை" போட்டுவிடுவார்கள். அதையெல்லாம் மாற்ற டெல்லிக்குத்தான் எழுத வேண்டும். உங்கள் யார்டு கேட் உங்கள் கையில் இருக்கிறது, அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சட்டத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது, சிலருக்கு இது தெரியாமலும் இருக்கலாம். குடித்து ஓட்டினால் முதல் முறைக்கு ஆறு மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்பது 2019 திருத்தத்துக்குப் பிறகு டிரைவர்களுக்கே மனப்பாடம். 188ஆவது பிரிவு அவ்வளவு பிரபலம் இல்லை. குடித்து ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது அது. வாடை தெரிந்தே சாவி கொடுப்பவர் உடந்தையா இல்லையா என்பதை உங்கள் வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள். டிரைவர் குடித்திருந்தார் என்றால் வண்டிச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கை விரித்துவிடும் என்பது மட்டும் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

அப்புறம், டிரைவர் ஏன் குடிக்கிறார் என்று கேட்காமல் கேட்டில் ஊதிப் பார்க்கும் மிஷினை மட்டும் வைப்பது நியாயம் இல்லை. துறைமுகக் கேட்டுக்கு வரிசை கட்டி மணிக்கணக்காக நிற்கிறார்கள். கக்கூஸ் இல்லை, படுக்க இடம் இல்லை, எஞ்சின் சூட்டில் கேபின் கொதிக்கிறது. உடம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் கையெட்டும் தூரத்தில் கிடைக்கும் மருந்து ஒன்றுதான். இன்னொரு டிரிப் தள்ளுவதற்காகச் சரக்கு வாங்கிக் கொடுக்கும் சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள் என்று டிரைவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது முதலில் நிற்க வேண்டும். காசாகக் கொடுங்கள், சாப்பாடாகக் கொடுங்கள், பாட்டிலாக வேண்டாம்.

சாவி கொடுப்பதற்கு முன் ஊதிப் பார்க்கும் மிஷின் ஒவ்வொரு யார்டிலும் வையுங்கள். ஒரு டயர் வாங்கும் காசுக்கு முன்னே பின்னே ஆகும். வரம்பு 30 என்று சட்டம் சொன்னாலும் ராத்திரி வண்டிக்கு நீங்கள் பூஜ்யம் வையுங்கள். காலை நாலு மணி வண்டிக்கும் சேர்த்துத்தான், அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கண் முகாமை மாலை ஏழு மணிக்குத் தள்ளிவையுங்கள், சாம்பல் எழுத்து அட்டையை நான் கொண்டுவருகிறேன். நாற்பது தாண்டியவர்களுக்குப் புரை, சர்க்கரை இரண்டும் பார்க்க வேண்டும். இரண்டும் இரவுக் கூச்சத்தைக் கூட்டுபவை, அதன் மேல் கட்டிங்கும் ஏறினால் கேட்கவே வேண்டாம். கீறல் விழுந்த கண்ணாடியை மாற்றுங்கள், ரிஃப்ளெக்டரை வாரம் ஒருமுறை துடைக்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் சங்கத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் சங்கமாகப் பேசி முடிவு செய்யுங்கள். மிஷினில் அளவு காட்டியதால் வண்டி எடுக்க முடியாதவருக்கு அன்றைய பேட்டாவை வெட்டினால், அடுத்த நாள் முதல் யாரும் ஒழுங்காக ஊத மாட்டார்கள், கிளீனரை ஊதச் சொல்வார்கள். முதல் தடவைக்குப் பணத்தை வெட்டாமல் படுக்க இடம் கொடுங்கள், வேறு டிரைவரை அனுப்புங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கத்துக்கோ குடி நிறுத்தும் சிகிச்சைக்கு நீங்களே கூட்டிப்போங்கள். வேறு டிரைவரை எங்கிருந்து பிடிப்பது என்று கேட்பீர்கள், தெரியும். ஒரு கம்பெனியால் முடியாது. பத்து கம்பெனி சேர்ந்து ராத்திரிக்கு இரண்டு மூன்று டிரைவர்களைப் பொதுவில் வைத்துக்கொண்டால் முடியும். சம்பளத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். வாடகை ரேட்டை எல்லோரும் கூடிப் பேசி ஏற்றத் தெரிந்த உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையிலிருந்து,
உங்கள் முகாம்களில் எழுத்துப் பலகை மாட்டும் கண்ணாடிக் கடைக்காரி